கட்டணச் சீட்டில் இரண்டு மருத்துவ வரிகள் ஏன்?

அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளையின் கட்டண விவரம் மின்னஞ்சலில் வந்ததும், வீட்டில் பெரும்பாலும் அப்பாதான் அதை அச்செடுத்துக்கொண்டு பேனாவும் கையுமாக உட்காருவார். வரிவரியாக ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பார். கல்விக் கட்டணம் புரியும், விடுதிக் கட்டணம் புரியும், பேருந்து அட்டைக்குப் பிடிக்கும் தொகைகூடப் புரியும். 'மாணவர் நலக் கட்டணம்' என்று ஒரு வரியும், அதற்குச் சற்றுக் கீழே 'மாணவர் மருத்துவக் காப்பீடு' என்று இன்னொரு வரியும் வரும் இடத்தில் பேனா நின்றுவிடும். பல பல்கலைக்கழகங்களில் முதலாவது சில நூறு டாலர், இரண்டாவது சில ஆயிரம் டாலர். ஒரே உடம்புக்கு எதற்கு இரண்டு முறை பணம் என்ற கேள்வி நியாயமானதுதான். 2024–25 கல்வியாண்டில் அமெரிக்காவில் பதிவாகியிருந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர் என்றால், அந்தக் கேள்வி எத்தனை வீடுகளில் எழுந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டு வரிகளும் ஒரே காலத்தில் எழுதப்பட்டவை அல்ல. முதல் வரிக்கு நூற்றிருபது வயதாகிறது. அது தொற்றுநோய்களின் பிள்ளை. இரண்டாவது வரி, பல்கலைக்கழகங்கள் தாமே நடத்திவந்த மருத்துவமனைகளை மூடத் தொடங்கிய பிறகு முக்கியத்துவம் பெற்றது. இரண்டுக்கும் நடுவில் நடந்தவற்றைப் பார்த்தால்தான், இன்று வளாகத்து மருத்துவ மையம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதும், நம் ஊர்க் கல்லூரிகளில் அப்படி ஒன்று ஏன் வேர்பிடிக்கவில்லை என்பதும் விளங்கும்.

மாணவரின் படிப்போடு அவரது உடம்புக்கும் கல்லூரியே பொறுப்பு என்ற எண்ணத்தின் தொடக்கமாக மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியைச் சொல்வது வழக்கம். 1850களில் அதன் தலைவராக இருந்த வில்லியம் ஸ்டேர்ன்ஸ், கெட்டிக்கார மாணவர்கள் இளவேனில் வந்ததும் உடல்நலம் கெட்டுப்போவதையும் சிலர் இறந்தே போவதையும் அறங்காவலர்களிடம் சொல்லிக் கவலைப்பட்டார். உடல்நலத்துக்கும் உடற்பயிற்சிக்கும் என்றே ஒரு துறை அங்கே உருவானது. 1861இல் அதன் பொறுப்பை ஏற்ற மருத்துவர் எட்வர்ட் ஹிட்ச்காக், 1911இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பியானோ இசைக்கு ஏற்ப மரத்தாலான கைக்குண்டுகளைத் தூக்கி இறக்கும் பயிற்சி எல்லா மாணவருக்கும் கட்டாயம். கல்லூரிக்குள் நுழையும் ஒவ்வொருவரின் உயரம், எடை, மார்பளவு முதலியவற்றை ஹிட்ச்காக் அளந்து குறித்துவைத்தார். யார் எந்த நோயால் எத்தனை நாள் வகுப்புக்கு வரவில்லை என்பதற்கும் கணக்கு வைத்தார். இந்தக் கணக்கேடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனித்தனி நோயாளிகளாக இல்லாமல், ஒரே இடத்தில் வாழும் ஒரு கூட்டமாக மாணவர்களைப் பார்க்கும் பார்வை அந்த ஏட்டில் இருக்கிறது.

கூட்டமாகப் பார்க்க வேண்டிய கட்டாயத்தை நோயே அடுத்துக் கொண்டுவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்லூரி என்பது, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, ஒரே கூடத்தில் சாப்பிட்டு, அடுத்தடுத்த அறைகளில் தூங்கும் இடம். டைபாய்டுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. பிரின்ஸ்டனில் 1880இல் டைபாய்டு பரவியது. அக்கல்லூரித் தலைவரின் மனைவி இசபெல்லா மக்காஷ், நோயுற்ற மாணவர்களை அறை அறையாகப் போய்ப் பார்த்துவந்தவர். பின்னர் 1890களின் தொடக்கத்தில் அங்கே எழுந்த நோயாளர் இல்லத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுவரை மாணவருக்குக் காய்ச்சல் என்றால் வாடகை அறையின் வீட்டுக்காரம்மாவும் உடன் படிப்பவரும்தான் துணை.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1903இல் நடந்தது இதைவிடக் கொடியது. அது இருக்கும் இத்தாக்கா நகரில் அப்போது சுமார் 13,000 பேர் வாழ்ந்தார்கள். நகருக்குத் தண்ணீர் வழங்கிய தனியார் நிறுவனம், சிக்ஸ் மைல் கிரீக் என்ற ஓடையில் அணை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர்களுக்குக் கழிப்பிட வசதி சரியாக இல்லை. ஓடைத் தண்ணீர் வடிகட்டப்படாமலே குழாய்களுக்குப் போனது. ஜனவரியில் தொடங்கிய டைபாய்டு, வசந்த காலத்துக்குள் ஏறத்தாழ 1,350 பேரைப் படுக்கையில் தள்ளியது. இறந்தவர்கள் 82 பேர். அவர்களில் 29 பேர் கார்னெல் மாணவர்கள். பல்கலைக்கழகத்துக்கு அப்போதே ஒரு நோயாளர் இல்லம் இருந்தது. சேஜ் குடும்பத்தார் தம் மாளிகையையே 1897இல் அதற்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு மாளிகையில் எத்தனை கட்டில் போட முடியும்? மாணவர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறி வீட்டுக்கு ஓடினார்கள். கிருமியும் அவர்களோடு போனது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இறந்தவர்களும் உண்டு. தொற்றை அடக்க வந்த சுகாதாரப் பொறியாளர் ஜார்ஜ் சோப்பர்தான், சில ஆண்டுகள் கழித்து 'டைபாய்டு மேரி' என்ற சமையற்காரரைத் தேடிக் கண்டுபிடித்துப் பெயர்பெற்றார். நோயுற்ற மாணவர்களின் மருத்துவச் செலவை ஆண்ட்ரூ கார்னெகி ஏற்றுக்கொண்டார்; தண்ணீர் வடிகட்டும் நிலையத்துக்கும் பணம் தந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது கார்னெகியின் காசோலையை. நோய் வந்த பிறகு, பெரும் பணக்காரர் ஒருவர் மனமிரங்கியதால் வந்த பணம் அது. அடுத்த தொற்றுக்கு அடுத்த கார்னெகியைத் தேட முடியாது. நோய் வருவதற்கு முன்பே, நலமாக இருக்கும் மாணவர்களிடமிருந்து சிறுகச் சிறுகப் பணம் திரட்டிவைக்கும் வழியைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 1906இல் முழு அளவில் செயல்படுத்தியது. அந்த ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தில் சிதைந்து, தீயில் வெந்தது. வீடிழந்த மக்கள் வளைகுடாவைத் தாண்டி பெர்க்லிக்கு வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டில், மருத்துவர் ஜார்ஜ் ரைன்ஹார்ட் தலைமையில் மாணவர்களுக்கான மருத்துவச் சேவை அங்கே தொடங்கியது. எல்லா மாணவரும் பருவத்துக்கு ஒரு சிறு தொகையை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். நோய் வந்தால் பார்ப்பதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன கட்டணச் சீட்டின் முதல் வரி பிறந்தது இப்படித்தான்.

முன்பணம் என்ற இந்த ஏற்பாடு பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். உள்ளே நுணுக்கம் இருக்கிறது. இருபது வயதுக்காரர்களில் பெரும்பாலோர் எந்த ஆண்டிலும் பெரிதாக நோயுறுவதில்லை. ஆகவே தலைக்குச் சிறு தொகை போதும். மருத்துவருக்கு மாதச் சம்பளம் என்பதால், நோயாளி பெருகினால் அவருக்கு வருமானம் பெருகாது, வேலைதான் பெருகும். எனவே தண்ணீர்த் தொட்டியைச் சோதிப்பதிலும் விடுதிச் சமையலறையை எட்டிப்பார்ப்பதிலும் தடுப்பூசி போட்டுவிடுவதிலும் அவருக்கு அக்கறை வந்தாக வேண்டும். எல்லாவற்றையும்விட, 'போகலாமா வேண்டாமா' என்று மாணவர் தயங்கும் அந்த ஒரு கணத்தில் பணம் குறுக்கே நிற்பதில்லை. தொற்றுநோயில் முதல் நோயாளி எவ்வளவு சீக்கிரம் மருத்துவரிடம் வருகிறார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1920இல் அமெரிக்க மாணவர் நலச் சங்கம் தொடங்கப்பட்டபோது, இந்த முறை பல வளாகங்களுக்குப் பரவிக்கொண்டிருந்தது.

பெர்க்லியில் 1930இல் கவல் நினைவு மருத்துவமனை என்ற முழு மருத்துவமனையே எழுந்தது. மாணவர் மருத்துவம் என்றால் காய்ச்சல் மாத்திரையும் கட்டுப்போடுவதும்தான் என்று நினைப்பவர்கள் அந்த ஒரு கட்டடத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1962இல் எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞருக்கு அங்கே படிக்க இடம் கிடைத்தது. பதினான்கு வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர் அவர். மூச்சு விடுவதற்கு, உடலை உள்ளே வைத்து மூடும் இரும்பு நுரையீரல் இயந்திரம் இரவுதோறும் தேவை. ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள அந்த இயந்திரத்தைத் தாங்கும் விடுதி அறை வளாகத்தில் இல்லை. மாணவர் மருத்துவச் சேவையின் இயக்குநர் ஹென்றி ப்ரூயன், கவல் மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில் அவரைத் தங்கவைக்கலாம் என்றார். நோயாளியாக வைத்துப் பார்ப்பது அவர் எண்ணமில்லை, விடுதி மாணவரைப் போலவே தங்கட்டும் என்றார். அடுத்த ஆண்டுகளில் அவரைப் போன்ற மேலும் பலர் அந்தத் தளத்துக்கு வந்தார்கள். இரவெல்லாம் பேசினார்கள். சக்கர நாற்காலி ஏற வளாகத்தில் சாய்தளம் ஏன் இல்லை என்று கேட்டார்கள். சக்கரத்தில் உருளும் கைகால் அசைவற்றோர் என்ற பொருளில் 'ரோலிங் குவாட்ஸ்' என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அமெரிக்க மாற்றுத்திறனாளர் உரிமை இயக்கத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்று அந்த மூன்றாம் தளம். 'வேலைக்கு உதவாதவர்' என்று ஒருகாலத்தில் ராபர்ட்ஸை ஒதுக்கப் பார்த்த கலிஃபோர்னிய மறுவாழ்வுத் துறைக்கு, 1975இல் அவரே இயக்குநரானார்.

அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவில் 1969இல் நடந்தது வேறு வகைக் கதை. இந்தியாவிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த பட்டதாரி மாணவர் ஒருவர், தன்னை விரும்பாத இளம்பெண் ஒருவரைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலர்களுக்கு எழுதினார். காவலர்கள் அந்த மாணவரைப் பிடித்து விசாரித்து, தெளிவாகத்தான் பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ அவர் பெற்றோருக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபர் 27ஆம் தேதி கொலை நடந்தது. பெற்றோர் பல்கலைக்கழகத்தின் மீது தொடுத்த வழக்குதான் தாராசாஃப் வழக்கு. அதில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976இல் அளித்த தீர்ப்பு, குறிப்பிட்ட ஒருவருக்குக் கடும் ஆபத்து இருப்பது தெரிந்தால், நோயாளியின் இரகசியத்தைக் காப்பதையும் தாண்டி அந்த நபரைப் பாதுகாக்க வேண்டிய கடமை மனநல மருத்துவருக்கு உண்டு என்றது. இன்று உலகெங்கும் உளவியல் வகுப்புகளில் பாடமாக இருக்கும் இவ்வழக்கு, ஒரு மாணவர் மருத்துவ மையத்தின் வெளிநோயாளர் அறையில் தொடங்கியது.

இரகசியம் பற்றிய பேச்சு வந்துவிட்டதால், நம்மூர்ப் பெற்றோர் அடிக்கடி அடிபடும் இடத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். மகன் இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை என்று மதுரையிலிருந்து அம்மா பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குத் தொலைபேசினால், "அப்படி ஒருவர் எங்களிடம் வந்தாரா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல முடியாது" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அது ஆணவமும் இல்லை, அலட்சியமும் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி உயர்கல்வியில் சேர்ந்த நாளிலிருந்து தன் ஆவணங்களின் மீதான உரிமை மாணவருக்கே. பலரும் நினைப்பதுபோல் மருத்துவமனைகளுக்கான ஹிப்பா சட்டம் இங்கே பெரும்பாலும் பொருந்துவதில்லை. வளாக மையத்து மருத்துவக் குறிப்புகள் 1974ஆம் ஆண்டின் கல்வி ஆவணச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உயிருக்கு ஆபத்தான அவசரநிலையில் பெற்றோருக்குத் தெரிவிக்க அச்சட்டம் இடம் தருகிறது. மற்ற நேரங்களில் மாணவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் பிள்ளையும் பெற்றோரும் உட்கார்ந்து பேசி, அந்தப் படிவத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நல்லது. வேண்டாம் என்று பிள்ளை சொன்னாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

கவல் மருத்துவமனை இன்று இல்லை. 1993இல் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வணிகவியல் பள்ளி எழுந்தது. படுக்கைகள் இல்லாத வெளிநோயாளர் மையமாக டாங் மையம் அதே ஆண்டில் திறந்தது. இது பெர்க்லிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஒருகாலத்தில் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த நோய்களுக்கு இப்போது ஆன்டிபயாடிக் கொடுத்து மாலையே அனுப்பிவிடுகிறார்கள்; மாணவர்களுக்கென்று தனியாக அறுவை அரங்கும் இரவுச் செவிலியரும் வைத்திருப்பது கட்டுப்படியாகவில்லை; இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் வளாகப் படுக்கைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆனால் குடல்வால் அழற்சியும் எலும்பு முறிவும் மறைந்துவிடவில்லை. அவற்றுக்கு இனி வெளி மருத்துவமனைதான். அமெரிக்காவில் வெளி மருத்துவமனை என்றால் காப்பீடு இல்லாமல் வாசலை மிதிக்க முடியாது. அதனால்தான் கட்டணச் சீட்டில் இரண்டாவது வரி இத்தனை கனமானது. முதல் வரி வளாகத்துக்கு உள்ளே நடப்பதற்கு, இரண்டாவது வரி வளாகத்துக்கு வெளியே நடப்பதற்கு என்று பொதுவாகப் பிரித்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன என்பதை ஒரு தொண்டை வலியை வைத்துப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொண்டை வலித்தால், மாணவர் இணையத்தில் நேரம் குறித்துக்கொண்டு வளாக மையத்துக்குப் போகிறார். செவிலியர் பஞ்சுக்குச்சியால் தொண்டையைத் துடைத்துச் சோதிக்கிறார். மருத்துவரோ, மருத்துவர் இல்லாமலே மருந்தெழுதும் தகுதி பெற்ற நர்ஸ் பிராக்டிஷனரோ பார்க்கிறார். பார்த்ததற்குப் பல இடங்களில் பணமே இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆய்வகச் சோதனைக்கும் மருந்துக்கும் காப்பீடு பேச வேண்டியிருக்கும். அதே வலி சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வந்தால் மையம் பூட்டியிருக்கும். காப்பீட்டு அட்டையின் பின்புறம் உள்ள செவிலியர் ஆலோசனை எண்ணைக் கூப்பிடாமல் பதறிப்போய் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடினால், காப்பீடு இருந்தும் சில நூறு டாலர் கைவிட்டுப் போகலாம். நம்மூரில் ஜி.ஹெச். அவசரப் பிரிவுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் ரசீது வரும்வரை உறைப்பதில்லை. பல்லும் கண்ணும் பெரும்பாலும் தனிக் காப்பீடு. பல்லைச் சரிசெய்துகொண்டு புறப்படுங்கள் என்று சீனியர்கள் சொல்வது அதனால்தான்.

பல்கலைக்கழகத்தின் காப்பீட்டை விட்டுவிட்டு மலிவான வேறொன்றை வாங்கலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. பரிமாற்ற விசாவான ஜே-1 விசாவில் வருபவருக்கு அரசே அளவு விதித்திருக்கிறது: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் காப்பு வேண்டும், தன் கையிலிருந்து முதலில் கட்டும் தொகை 500 டாலரைத் தாண்டக் கூடாது. வழக்கமான மாணவர் விசாவான எஃப்-1இல் வருபவருக்கு அரசின் விதி இல்லை, பல்கலைக்கழகம்தான் விதிக்கிறது. நிகரான காப்பீடு இருப்பதாகக் காட்டினால் விலக்களிக்கும் இடங்கள் உண்டு, வெளிநாட்டு மாணவருக்கு விலக்கே இல்லை என்னும் இடங்களும் உண்டு. மலிவுக் காப்பீடுகளில் முன்பே இருக்கும் நோய், மனநலச் சிகிச்சை, கர்ப்பம் ஆகிய மூன்றும் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்பதைச் சிறிய எழுத்தில் தேடிப் படிக்க வேண்டும்.

தடுப்பூசி விஷயத்தில் தமிழ்நாட்டு மாணவருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க வளாகங்கள் பெரும்பாலும் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தவணை போட்டதற்குச் சான்று கேட்கின்றன. சான்று இல்லையென்றால் வகுப்புப் பதிவை நிறுத்திவைக்கின்றன. இந்தக் கண்டிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 1980களில் அமெரிக்கக் கல்லூரிகளில் தட்டம்மை மீண்டும் மீண்டும் பரவியது. 1985இல் இல்லினாய் மாநிலத்தில், மத நம்பிக்கையால் தடுப்பூசியைத் தவிர்க்கும் மாணவர்கள் நிறைந்த ஒரு கல்லூரியில் மூன்று பேர் இறந்தார்கள். நம் மாணவர்களில் பலர் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்த பெருமுகாமில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஆகவே சான்று இருக்கிறதே என்று நினைப்பார்கள். அது எம்.ஆர். ஊசி, புட்டாளம்மை அதில் இல்லை. அரசின் தடுப்பூசி அட்டவணையிலும் புட்டாளம்மைக்கு இடமில்லை. குழந்தைப் பருவத்தில் தனியார் மருத்துவரிடம் எம்.எம்.ஆர். போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர் தப்பித்தார். மற்றவர்கள் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு புறப்படுவதே எளிது. அங்கே போய்ப் போட்டால் டாலரில் கணக்கு.

காசநோய்ச் சோதனை இன்னும் குழப்பமானது. இந்தியாவிலிருந்து வருபவருக்கு அச்சோதனையைப் பல வளாகங்கள் கட்டாயமாக்குகின்றன. பிறந்ததும் இடது தோளில் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட நமக்கு, தோலில் மருந்தேற்றிப் பார்க்கும் பழைய சோதனை நோய் இல்லாமலே வீங்கிக் காட்டலாம். இரத்தத்தில் செய்யும் ஐ.ஜி.ஆர்.ஏ. சோதனையை பி.சி.ஜி. குழப்பாது, அதையே கேட்டு வாங்குவது நல்லது. அதிலும் 'பாசிட்டிவ்' என்று வந்தால் காசநோய் இருக்கிறது என்று பொருளில்லை. கிருமி எப்போதோ உள்ளே வந்து உறங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். அந்த நிலையில் அது அடுத்தவருக்குத் தொற்றாது. மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். அது தெளிவாக இருந்தால், பின்னாளில் நோயாக மாறாமலிருக்க மூன்று நான்கு மாதம் மாத்திரை சாப்பிடச் சொல்வார்கள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இதை மறைத்துக்கொண்டு அழும் மாணவர்கள் உண்டு. அழுவதற்கு அதில் எதுவுமில்லை.

மூளையுறைக் காய்ச்சல் எனப்படும் மெனிஞ்சைட்டிஸ் ஊசியையும் பட்டியலில் காணலாம். முதல்முறையாக விடுதிக்கு வரும் இளைஞரிடம் அந்நோயின் அபாயம் கூடுதல். 2013இல் பிரின்ஸ்டனில் அதன் 'பி' வகை பரவியபோது, அமெரிக்காவில் அதுவரை அனுமதி பெறாத ஐரோப்பியத் தடுப்பூசியைச் சிறப்பு அனுமதியோடு வரவழைத்து, அந்த டிசம்பரில் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குப் போட்டார்கள். 1880இல் அறை அறையாகப் போன தலைவரின் மனைவியைத் தவிர வேறு ஏற்பாடு இல்லாத அதே வளாகம்தான்.

இனி நம் பக்கம். விடுதலை பெற்ற இந்தியா உயர்கல்விக்காக அமைத்த முதல் குழு, 1948–49இல் பணியாற்றிய இராதாகிருஷ்ணன் குழு. அதில் அமெரிக்கக் கல்லூரிகளின் தலைவர்களாக இருந்த ஆர்தர் மார்கன், ஜான் டைகெர்ட் இருவரும் உறுப்பினர்கள். மருத்துவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தை இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக நடத்தியவருமான ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். சேரும்போதும் பின்னர் அவ்வப்போதும் மாணவருக்கு மருத்துவப் பரிசோதனை, பல்கலைக்கழகந்தோறும் மருத்துவ மையம் என்று அக்குழு பரிந்துரைத்தது. எண்ணம் தெரியாமலில்லை, ஆளும் இல்லாமலில்லை. ஆனால் பெர்க்லியைப் போல, அதற்கான பணம் ஒவ்வொரு மாணவரிடமிருந்தும் முன்கூட்டியே வந்து, அந்த ஒரு செலவுக்கென்றே தனியாக நிற்கும் ஏற்பாடு நம் பல்கலைக்கழகங்களில் பரவலாக உருவாகவில்லை.

விளைவு, இரண்டு நுனிகள். ஒரு நுனியில் ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்கள் வளாகத்துக்குள்ளேயே படுக்கைகளோடு மருத்துவமனை வைத்திருக்கின்றன. மறுநுனியில் ஆயிரக்கணக்கானோர் படிக்கும் கலை அறிவியல் கல்லூரியில் 'சிக் ரூம்' என்ற பலகையோடு ஓர் அறை. உள்ளே ஒரு கட்டில், எடை பார்க்கும் கருவி, பாரசிட்டமாலும் டிஞ்சரும் உள்ள பெட்டி. சாவி பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வாரத்தில் கட்டிலுக்குப் புது விரிப்பு வரும் என்பது கல்லூரியில் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த நகைச்சுவை. விடுதியில் காய்ச்சல் கண்டால் வார்டன் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஓ.பி. சீட்டு வாங்கப் போவார். நல்ல வார்டன்கள் இருக்கும்வரை இது நடக்கும். ஆனால் பெருந்தொற்று வரும்போது பணக்கார நுனியும் தடுமாறத்தான் செய்கிறது: 2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியபோது, மாணவர்கள் ஒன்றுகூடிச் சாப்பிட்ட உணவுக்கூடத்தின் மீதுதான் சந்தேகம் விழுந்தது. கிணறு போய் மெஸ் வந்திருக்கிறது.

முன்பண முறையை இந்தியாவில் செய்துகாட்டியவர்கள் அரசும் அல்லர், பல்கலைக்கழகமும் அல்லர், கொல்கத்தா மாணவர்களே. நாடு பிரிந்த காயம் ஆறாத, காசநோய் மலிந்த நகரத்தில், 1952இல் மாணவர்களும் இளம் மருத்துவர்களும் சேர்ந்து 'ஸ்டூடன்ட்ஸ் ஹெல்த் ஹோம்' என்பதைத் தொடங்கினார்கள். கல்லூரிகளும் பள்ளிகளும் தம் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குச் சில ரூபாய் சந்தா வாங்கிச் செலுத்த, கொல்கத்தாவின் மௌலாலியில் அதன் மருத்துவமனையும் மேற்கு வங்க மாவட்டங்களில் அதன் கிளைகளும் வளர்ந்தன. பெர்க்லியின் கணக்கேதான், டாலருக்குப் பதில் சில்லறை ரூபாய். தமிழ்நாட்டில் இதுபோன்ற ஒன்று ஏன் எழவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் ஒரு காரணம், இங்கே அரசு மருத்துவமனைகள் ஒப்பீட்டளவில் நன்றாக இருந்ததே. பக்கத்தில் ஜி.ஹெச். இருக்கும்போது தனி ஏற்பாடு எதற்கு என்ற கேள்விக்கு அன்று பதில் தேவைப்படவில்லை.

அந்தப் பதில் இப்போது மனநலத்தின் வழியாகத் தேவைப்படுகிறது. காய்ச்சலுக்கு ஜி.ஹெச். போகும் மாணவர், இரவு தூக்கம் வராததற்கும் தேர்வு பயத்துக்கும் சாதி சொல்லிக் காட்டப்பட்டதற்கும் அங்கே போய் வரிசையில் நிற்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2023இல் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,892 பேர். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், முன்னாள் நீதிபதி எஸ். இரவீந்திர பட் தலைமையில் இதற்கென ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25ஆம் தேதி வேறொரு வழக்கில் பதினைந்து வழிகாட்டு நெறிகளை விதித்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை அடையாள அட்டையின் பின்புறம் அச்சிட்டுவிடுவது எந்தக் கல்லூரிக்கும் ஒரு நாள் வேலை. ஆலோசகரை அமர்த்துவது அப்படியல்ல. அவருக்கு மாதாமாதம் ஊதியம் கொடுக்க வேண்டும். மாணவர் சொல்வது வெளியே கேட்காத, முதல்வர் அறைக்கு அடுத்ததாக இல்லாத ஓர் அறை வேண்டும். இந்தப் பணத்தைக் கல்லூரிகள் கட்டணச் சீட்டில் புதிய வரியாகச் சேர்க்குமா, ஏற்கெனவே உள்ள தமிழாசிரியரையோ உடற்கல்வி ஆசிரியரையோ மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு 'ஆலோசகர்' என்று பலகை மாட்டுமா என்பது, அடுத்த சேர்க்கைக்கான கையேடுகள் வெளிவரும்போது தெரிந்துவிடும்.